ஒரு பென்னிச் சாப்பாடு

தர்மம் செய்வதற்கு உலகத்தில் எத்தனையோ வழிகள் உண்டு. சத்திரம் கட்டலாம், தண்ணீர்ப் பந்தல் வைக்கலாம், உண்டியல் குலுக்கலாம், நாடகம் போட்டு டிக்கெட் விற்கலாம். ஸ்காட்லாந்து தேசத்தில், கிளாஸ்கோ நகரத்தில், 1887-ஆம் ஆண்டில் ஒரு பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வேறு ஒரு வழியைப் பிடித்தார். பதினொரு வாலிபர்களை ஒரு பந்தின் பின்னால் ஓடவிடுவது. அதை வேடிக்கை பார்க்க வருகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குவது. அந்தக் காசில் பட்டினி கிடக்கும் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவது. இவ்வளவுதான் திட்டம்.

திட்டம் வெற்றி பெற்றது. நன்றாகவே வெற்றி பெற்றது. அந்த வெற்றியினால் வந்த சங்கடத்தைத்தான் நான் இங்கே சொல்லப் போகிறேன்.

அந்தத் தலைமையாசிரியரின் பெயர் ஆண்ட்ரூ கெரின்ஸ். அயர்லாந்தில் ஸ்லைகோ மாவட்டத்துப் பாலிமோட் என்ற சிற்றூரில் 1840-இல் பிறந்தவர். அவருக்கு ஐந்து வயது ஆகும்போது அயர்லாந்தில் உருளைக்கிழங்குச் செடிகளில் ஒரு நோய் விழுந்தது. நம் ஊரில் நெல் பொய்த்தால் என்ன ஆகுமோ, அங்கே உருளைக்கிழங்கு பொய்த்தபோது அது ஆயிற்று. 1845 முதல் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் பசியினாலும் நோயினாலும் மாண்டு போனார்கள். அதற்கும் அதிகமானவர்கள் கப்பலேறினார்கள். வசதி இருந்தவர்கள் அமெரிக்கா போனார்கள். அவ்வளவு வசதி இல்லாதவர்களுக்குக் கடலுக்கு அந்தண்டையில் கிளாஸ்கோ இருந்தது.

ஆண்ட்ரூவும் பதினைந்து வயதுப் பையனாகக் கிளாஸ்கோவுக்கு வந்து சேர்ந்தான். பகலில் கூலி வேலை. இரவில் இரவுப் பள்ளி. 1864-இல் மாரிஸ்ட் சகோதரர்கள் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையில் சேர்ந்து, வால்ஃபிரிட் என்று பெயர் மாற்றிக் கொண்டார். இவர் பூசை வைக்கும் பாதிரியார் அல்லர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதையே விரதமாகக் கொண்ட சகோதரர்களில் ஒருவர். 1874-இல் நகரத்தின் கிழக்குப் பகுதியில் 'திரு இருதயப் பள்ளி'க்குத் தலைமையாசிரியர் ஆனார்.

கிழக்குக் கிளாஸ்கோ எப்படிப்பட்ட இடம்? ஆலைப் புகை, ஒரே அறையில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு குடும்பம், காச நோய், சாராயக் கடை. அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று உள்ளூர்த் தொழிலாளிகளுக்கு அவர்கள் மேல் கோபம். மதமும் வேறாக இருந்ததனால் கோபத்துக்கு எண்ணெய் வார்க்க ஆள் தேட வேண்டியதில்லை.

1872-இல் ஸ்காட்லாந்தில் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வயது முதல் பதின்மூன்று வயது வரை எல்லாக் குழந்தைகளும் பள்ளிக்கூடம் போயே தீர வேண்டும் என்றது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் பள்ளிக்கு வரச்சொன்ன சட்டம், வருகிற குழந்தை காலையில் ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்க வேண்டியவர் வகுப்பில் நின்று கொண்டிருந்த ஆசிரியர். வயிறு காய்ந்த பிள்ளைக்குக் கணக்குப் பாடம் ஏறாது என்பதை அறிய எந்த மன இயல் நூலும் படிக்க வேண்டியதில்லை.

வால்ஃபிரிட் தம் பள்ளியிலேயே 'ஏழைக் குழந்தைகள் சாப்பாட்டு மேஜை' என்று ஒன்றை ஆரம்பித்தார். ஒரு பென்னி கொடுத்தால் சூடான சாப்பாடு. முழுத் தர்மமாகக் கொடுக்காமல் ஒரு பென்னி வாங்கியதில் அவருடைய நுட்பம் தெரிகிறது. குழந்தை கை நீட்டிப் பிச்சை வாங்கவில்லை. காசு கொடுத்துச் சாப்பிடுகிறது. அந்த ஒரு பென்னியும் இல்லாத வீடுகள் பல இருந்தன என்பதுதான் தொல்லை. கஞ்சித் தொட்டி வைத்திருந்த மாற்றுச் சபைக்காரர்கள் சாப்பாட்டோடு சமயத்தையும் சேர்த்துப் பரிமாறுவார்கள் என்ற பயமும் அவருக்கு இருந்தது. ஆகவே மேஜை தொடர்ந்து நடக்க வேண்டும். நடக்கப் பணம் வேண்டும். வின்சென்ட் தே பால் சங்கத்தார் கொடுத்தது போதவில்லை.

எடின்பரோ நகரத்தில் ஹைபர்னியன் என்ற கால்பந்துக் கழகம் அப்போது புகழோடு விளங்கியது. 1875-இல் கானன் ஹானன் என்ற பாதிரியாரின் ஆதரவில், ஏழை ஐரிஷ் வாலிபர்களைக் குடியிலிருந்தும் தெருச் சண்டையிலிருந்தும் காப்பாற்றுவதற்காகத் தொடங்கிய கழகம் அது. மது தொடுவதில்லை என்று சத்தியம் செய்தவர்களே அதில் ஆடலாம். வால்ஃபிரிட் அவர்களைக் கிழக்குக் கிளாஸ்கோவுக்கு வரவழைத்து, தர்ம ஆட்டங்கள் நடத்திப் பார்த்தார். கூட்டம் திரண்டது, சாப்பாட்டு மேஜைக்குக் காசும் சேர்ந்தது. 1887 பிப்ரவரியில் ஹைபர்னியன் ஸ்காட்டிஷ் கோப்பையையே வென்றது. கிளாஸ்கோவில் செயின்ட் மேரி மண்டபத்தில் அவர்களுக்கு விருந்து வைத்தார்கள். விருந்தாளிகளில் ஒருவர், "நீங்களும் இதைப் போல ஒரு கழகம் ஆரம்பிக்கக் கூடாதா?" என்ற கருத்தில் பேசி உற்சாகப்படுத்தினார். பாவம், அந்த யோசனையைச் சொன்னதற்காக ஹைபர்னியன்காரர்கள் பிற்பாடு வருந்தியிருப்பார்கள். அந்தக் கதை பிறகு.

1887 நவம்பர் 6-ஆம் தேதி அதே செயின்ட் மேரி மண்டபத்தில் கூட்டம் கூடிற்று. புதுக் கழகத்துக்கு என்ன பெயர் வைப்பது? ஐரிஷ் பெயராக வைக்க வேண்டும் என்று பலருக்கு ஆசை. வால்ஃபிரிட் 'செல்டிக்' என்றார். அயர்லாந்துக்காரர், ஸ்காட்லாந்துக்காரர் இருவருக்கும் பொதுவான பழைய இனப்பெயர் அது. வந்தேறிகளையும் உள்ளூராரையும் ஒரு சொல்லுக்குள் உட்கார வைக்கப் பார்த்தார். அவர் 'கெல்டிக்' என்றுதான் உச்சரித்தாராம்; ஜனங்கள் 'செல்டிக்' என்றார்கள்; ஜனங்கள் சொன்னதே நின்றது.

ஆட்டக்காரர்களைச் சேர்க்கும் வேலை தொடங்கியது. டாம் மாலி என்ற நல்ல ஆட்டக்காரரை அழைப்பதற்காக வால்ஃபிரிடும் இரண்டு நண்பர்களும் அவருடைய வீட்டுக்குப் போனார்கள். டாம் வீட்டில் இல்லை. தம்பி வில்லி இருந்தான். போகிற போக்கில் வால்ஃபிரிட், "நீயும்தான் வாயேன் அப்பா!" என்று சொல்லி வைத்தார். உபசாரத்துக்குச் சொன்ன அந்த வார்த்தையின் பலன், அந்தத் தம்பி பிற்பாடு 1897 முதல் 1940 வரை நாற்பத்து மூன்று ஆண்டுகள் அந்தக் கழகத்தின் நிர்வாகியாக இருந்தார்! நாவலில் இப்படி எழுதினால், "இது என்ன, நம்பும்படியாக இல்லையே!" என்று நேயர்கள் கடிதம் போடுவார்கள்.

ஆண்டுக்கு 50 பவுன் வாடகைக்கு ஒரு காலி நிலத்தைப் பிடித்தார்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு வந்த கூலியாட்கள் காசு வாங்காமல் மண் சுமந்து, தரை சமன் செய்து, மேடை கட்டி மைதானமாக்கினார்கள். 1888 மே 28-ஆம் தேதி முதல் ஆட்டம். எதிர்க் கோஷ்டி ரேஞ்சர்ஸ். சுமார் 2,000 பேர் வந்தார்கள். செல்டிக் ஐந்து கோல், ரேஞ்சர்ஸ் இரண்டு கோல். பின்னாளில் இவ்விரு கோஷ்டிகளுக்கும் ஏற்பட்ட தீராப் பகையை அறிந்தவர்களுக்கு, அன்று அது சிநேக ஆட்டமாக நடந்தது என்பது வேடிக்கையாக இருக்கும்.

கழகத்தின் முதல் சுற்றறிக்கையிலேயே நோக்கத்தைத் தெளிவாக அச்சிட்டார்கள்: மூன்று பங்குகளைச் சேர்ந்த ஏழைக் குழந்தைகளின் சாப்பாட்டு மேஜைகளுக்குப் பணம் சேர்ப்பதே முதற் காரியம். பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறிய வாலிபர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு ஒன்று இருக்க வேண்டும் என்பது வால்ஃபிரிட் மனத்தில் இருந்த இரண்டாவது எண்ணம்.

இனிமேல்தான் சங்கடம் ஆரம்பிக்கிறது. கூட்டம் வந்தால்தான் குழந்தைகளுக்குச் சாப்பாடு. ஜெயித்தால்தான் கூட்டம் வரும். நல்ல ஆட்டக்காரர்கள் இருந்தால்தான் ஜெயிக்க முடியும். நல்ல ஆட்டக்காரர்கள் சும்மா வருவார்களா? காசு வாங்கிக்கொண்டு ஆடுவது ஸ்காட்லாந்தில் 1893 வரை விதிப்படி குற்றம். ஆனாலும் 1888 ஆகஸ்டிலேயே ஹைபர்னியனின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலர் செல்டிக் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வெறும் அன்பினால் வந்தார்கள் என்று அப்போது எவரும் நம்பவில்லை. சில ஆண்டுகளில் ஹைபர்னியன் ஆட்டமே இல்லாமல் கொஞ்ச காலம் மூடிக்கிடந்தது. எடின்பரோ ஏழை வாலிபர்களின் தர்மத்தை உடைத்து, கிளாஸ்கோ ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு! இதைப் புண்ணியக் கணக்கில் எழுதுவதா, பாவக் கணக்கில் எழுதுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

1892-இல் நிலத்துக்காரர் வாடகையை 50 பவுனிலிருந்து 450 பவுனாக ஏற்றிவிட்டார். தர்மக் கழகமாயிற்றே என்று அவர் இரங்கவில்லை. வாசலில் நிற்கும் கூட்டத்தை அவரும் எண்ணிப் பார்த்திருந்தார். கழகத்தார் பக்கத்திலேயே நீர் தேங்கிக் கிடந்த ஒரு செங்கல் சூளைப் பள்ளத்தை வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பிப் புது மைதானம் கட்டினார்கள். அதே ஆண்டில் ஸ்காட்டிஷ் கோப்பையையும் முதல் முறையாக வென்றார்கள்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: நானாக இருந்தால் இந்த இடத்தில் 'முற்றும்' போட்டிருப்பேன். கோப்பை மின்னுகிறது, ஜனங்கள் கோஷமிடுகிறார்கள், கூட்டத்தின் ஓரத்தில் அங்கியணிந்த ஆசிரியர் கண்ணைத் துடைத்துக் கொள்கிறார். சரித்திரத்துக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது.

கோப்பை வென்ற அதே 1892-இல் வால்ஃபிரிடைச் சபையார் லண்டனுக்கு மாற்றிவிட்டார்கள். துறவிக்கு மாற்றல் உத்தரவு வந்தால் மறு பேச்சு ஏது? அவர் போனபின், "முதலில் குழந்தைகள்" என்று கூட்டத்தில் எழுந்து சொல்ல அந்த அளவுக்குக் கனமான குரல் இல்லை. கட்டட வேலை, ஆட்டக்காரர் சம்பளம் என்று செலவு பெருகியது. மேஜைக்குப் போன பணம் குறைந்தது, பிறகு நின்றது. தர்மத்தை நினைவுபடுத்தியவர்களுக்கும், வியாபார முறையில் நடத்தினால்தான் கழகம் பிழைக்கும் என்றவர்களுக்கும் கூட்டத்துக்குக் கூட்டம் வாக்குவாதம். 1897-இல் பின்னவர்கள் ஜெயித்தார்கள். செல்டிக் கழகம் பங்குதாரர்களும் டைரக்டர்களும் கொண்ட லிமிடெட் கம்பெனி ஆயிற்று. ஆரம்பித்துப் பத்தே ஆண்டுகள்!

அவர்களைத் திட்டித் தீர்த்துவிடுவது சுலபம். எனக்கு மனம் வரவில்லை. கம்பெனியாக ஆகாமல் இருந்திருந்தால், அந்தக் காலத்தில் முளைத்து மறைந்த எத்தனையோ கழகங்களைப் போல அதுவும் மறைந்திருக்கலாம். வேறொன்றும் சொல்ல வேண்டும். கோஷ்டியில் கத்தோலிக்கர் அல்லாதார் மூன்று பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று 1895-இல் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார்கள். கழகத்தார் அதைத் தள்ளிவிட்டு, எத்தனை பேர் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றார்கள். 'செல்டிக்' என்ற பெயருக்குள் வால்ஃபிரிட் வைத்த எண்ணம் அந்த வகையில் பிழைத்தது. 1967-இல் லிஸ்பன் நகரத்தில் இத்தாலியின் இன்டர் மிலானை 2-1 என்று தோற்கடித்து அவர்கள் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது, ஆடிய பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி 30 மைலுக்குள் பிறந்தவர்கள். இரு மதத்தாரும் அதில் இருந்தார்கள்.

ஆனால், சாப்பாட்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்த குழந்தைக்கு ஐரோப்பியக் கோப்பையினால் என்ன பயன்? அதன் பசி அன்றைக்கு உள்ள பசி. பள்ளிப் பிள்ளைகளுக்குப் பொதுப் பணத்தில் சாப்பாடு போட ஸ்காட்லாந்தில் சட்டம் வந்தது 1908-இல். கழகத்தின் கை மடங்கியதற்கும் அரசாங்கத்தின் கை நீண்டதற்கும் நடுவில் இருந்த ஆண்டுகளில் கிழக்குக் கிளாஸ்கோவில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள், சரித்திரத்தில் பெயர் இல்லாதவர்கள்.

லண்டனுக்குப் போன வால்ஃபிரிட் என்ன செய்தார்? ஐம்பத்திரண்டு வயது. தாம் பெற்ற பிள்ளை கைமாறிப் போனதை நினைத்து வருந்தியே காலம் கழித்திருக்கலாம். அவர் நகரத்தின் ஏழைப் பகுதியான பெத்னல் கிரீன் பக்கத்தில் செருப்பில்லாமல் திரிந்த பையன்களைக் கூட்டி, மறுபடியும் கால்பந்து ஆட வைத்தார். இந்தத் தடவை கம்பெனி எதுவும் அதிலிருந்து கிளம்பவில்லை. அதனால் அதைப் பற்றி எழுதி வைத்தவர்களும் குறைவு. 1915 ஏப்ரலில் டம்ஃப்ரீஸ் நகரில் காலமானார்.

1994 மார்ச்சில் கழகம் கடனில் மூழ்கி, இன்றோ நாளையோ மூடிவிடும் என்ற நிலைக்கு வந்தது. கனடாவிலிருந்து வந்த ஃபெர்கஸ் மக்கான் என்பவர் அதைத் தூக்கி நிறுத்தினார். அவர் காலத்தில், 1995-இல், கழகத்தோடு சேர்ந்து தனியாக ஒரு தர்ம நிதி ஏற்படுத்தினார்கள். விட்டுப்போன நோக்கத்தை நூறு ஆண்டுகளுக்குப் பிறகு ஞாபகப்படுத்திக் கொண்டார்கள் என்று வைத்துக் கொள்ளலாம். பந்தாட்டக் கணக்கு வேறு, குழந்தைகள் கணக்கு வேறு என்று பிரித்து வைத்தது முதல் தடவை கற்ற பாடமாக இருக்கலாம்.

2005-இல் மைதானத்தின் வாசலில் வால்ஃபிரிடுக்குச் சிலை வைத்தார்கள். ஆட்ட நாட்களில் சுமார் 60,000 பேர் கொள்ளும் அரங்கத்துக்குள் கூட்டம் அந்தச் சிலையைத் தாண்டித்தான் நுழைகிறது. இன்று உள்ளே போக டிக்கெட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் அன்று எத்தனை பென்னிச் சாப்பாடு போட்டிருக்கலாம் என்று கணக்குப் பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. பார்க்கக் கூடியவர் ஒருவர்தான். அவர் கணக்கு வாத்தியாராகவும் இருந்தவர், வாசலில் வெண்கலமாக உட்கார்ந்திருக்கிறார்.