ஃபெல்லா பள்ளத்தாக்கின் சைக்கிள் பாதை

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஆஸ்திரியாவும் ஸ்லொவீனியாவும் வந்து கூடும் எல்லைக்கு அருகே, தார்விசியோ என்னும் மலையூரில் புறப்பட்டு, கம்போரோஸ்ஸோ கணவாயைக் கடந்து, ஃபெல்லா நதியின் போக்கிலேயே ரெசியுத்தா வரையில் இறங்கிச் செல்லும் சைக்கிள் பாதை. நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். மோட்டார் வாகனங்களுக்கு இதில் அனுமதி இல்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரிலிருந்து ஏட்ரியாட்டிக் கடற்கரையிலுள்ள கிராதோ வரையில் சுமார் 410 கிலோமீட்டர் செல்லும் ஆல்ப்-ஆத்ரியா நெடும்பாதையின் ஓர் அங்கமாக இருப்பினும், அந்நெடும்பாதையின் கீர்த்திக்குப் பெரும்பாலும் இப்பகுதியே காரணம்.

நதிக்கு வடமேற்கே கார்னிக் ஆல்ப்ஸும் தென்கிழக்கே ஜூலியன் ஆல்ப்ஸும் செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. பள்ளத்தாக்கின் மேற்பகுதிக்கு வால் கனாலே என்றும், பொன்டெப்பாவுக்குக் கீழே மலைகள் நெருங்கி வரும் இடுக்கான பகுதிக்குக் கனால் டெல் ஃபெர்ரோ என்றும் பெயர். கம்போரோஸ்ஸோ கணவாயின் உயரம் சுமார் 816 மீட்டர்தான். ஆயினும் அதன் மேற்கே விழும் மழைநீர் ஃபெல்லாவிலும் தாலியமென்தோ நதியிலும் கலந்து ஏட்ரியாட்டிக் கடலைச் சேர, கிழக்கே விழும் நீர் திராவா நதி வழியாக டான்யூபை அடைந்து கருங்கடலுக்குப் போய்விடுகிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இத்தனை தாழ்வான கணவாய்கள் அரியவை ஆதலால், வடநாட்டுக்கும் ஏட்ரியாட்டிக் கரைக்கும் இடையே நடந்த போக்குவரத்து பண்டைக் காலந்தொட்டே இவ்வழியை நாடிற்று.

கி.மு. 181-இல் ரோமானியர் நிறுவிய அக்குயிலேயா நகரிலிருந்து, இன்றைய கிளாகன்ஃபுர்ட்டுக்கு அருகிலிருந்த விருனும் நகருக்குச் சென்ற ராஜபாட்டை இப்பள்ளத்தாக்கின் ஊடேதான் சென்றது. மத்திய காலத்தில் வடக்கேயுள்ள கரிந்தியா நாட்டு இரும்பு இவ்வழியே தெற்கே இறங்கிற்று. எங்கே வணிகர் வேறு வழியின்றி ஓர் இடுக்கினுள் நுழைந்தாக வேண்டுமோ அங்கே சுங்கச் சாவடி தோன்றுவது இயல்பு. இன்று கியூசாஃபோர்ட்டே என வழங்கும் ஊர் அத்தகைய சாவடியைச் சுற்றி வளர்ந்ததே ஆகும். அக்குயிலேயாவின் மதகுருக்கள் முதலில் இங்கே வரி தண்டினர். 1420-இல், இவ்வூர் அடங்கிய ஃபிரியூலி தேசம் வெனிஸ் குடியரசின் வசமானபோது சாவடியும் கைமாறிற்று. பொன்டெப்பாவுக்கு மேற்பட்ட வால் கனாலேயோ, ஜெர்மானிய நாட்டின் பம்பெர்க் பிஷப்புகளுக்கு உரிய மானியமாகப் பல நூற்றாண்டுகள் இருந்து, 1759-இல் ஆஸ்திரியாவின் மரியா தெரேசா பேரரசியால் விலைக்கு வாங்கப்பட்டது. இவ்வாறு ஒரே பள்ளத்தாக்கு இரண்டு ராஜ்யங்களுக்கு உரியதாயிற்று. பொன்டெப்பாவின் நடுவே ஓடும் ஒரு சிற்றோடையே எல்லை. அதன் ஒரு கரையில் இத்தாலியரின் பொன்டெப்பா, மறு கரையில் ஆஸ்திரியரின் பொன்டாஃபெல். முதல் உலகப் போரில் ஆஸ்திரியா தோற்ற பிறகு அவை இரண்டும் இத்தாலியின் ஊர்களாயின.

இந்த எல்லைக்காக மாண்டோர் பலர். 1809-ஆம் ஆண்டு மே மாதத்தில், நெப்போலியனின் வளர்ப்பு மகனான யூஜின் தலைமையில் வந்த பெரும்படையை வால் கனாலேயிலுள்ள மல்போர்கெத்தோ கோட்டையில் சிறு காவற்படையுடன் எதிர்த்து நின்ற ஆஸ்திரியக் காப்டன் ஃபிரெடரிக் ஹென்சல், கோட்டை விழுந்த நாளில் தாமும் வீரமரணம் எய்தினார். அவர் பெயர் தாங்கிய பிற்காலக் கோட்டையை 1915-இல் இத்தாலியப் பீரங்கிகள் தகர்த்தன.

வால் கனாலேயில் இத்தாலியம், ஃபிரியூலியம், ஜெர்மன், ஸ்லொவீனியம் என நான்கு மொழிகள் வழங்குவதும் இந்த எல்லைச் சரித்திரத்தின் விளைவே. ரெசியுத்தாவில் வந்து இணையும் ரெசியா பள்ளத்தாக்கில் பேசப்படுவது ஸ்லொவீனிய மொழியின் பழமையான ஒரு வட்டார வழக்கு.

சைக்கிள் பாதையின் உண்மையான கதை ரயில் பாதையிலிருந்து தொடங்குகிறது. ஊதினே நகரிலிருந்து வடக்கே கிளம்பிய இருப்புப்பாதை 1875-இல் ஜெமோனாவை எட்டி, நான்கு ஆண்டுகள் மலையோடு போராடி, 1879-இல் பொன்டெப்பாவை அடைந்தது. அதே ஆண்டில் ஆஸ்திரியரும் தம் பாதையைத் தார்விசியோவிலிருந்து எல்லைவரை கொணர்ந்து இணைத்தனர். இரும்புச் சக்கரம் செங்குத்தான சரிவில் வழுக்கிவிடும் ஆதலால், ரயில் பாதை நூறு அடிக்கு இரண்டரை அடிக்கு மேல் ஏறுவது அரிது. அந்த நியதிக்குக் கட்டுப்பட்டே எஞ்சினீயர்கள் மலைமுகட்டைக் குடைந்தும், ஓடைகளுக்கு மேலே கல் வளைவுகளை எழுப்பியும், ஃபெல்லாவின் மீது இரும்புப் பாலங்களைப் போட்டும், இறக்கத்தைச் சீராக்கினர். புகைவண்டிக்காக அவர்கள் பட்ட பாடு முழுவதும் சைக்கிள் ஓட்டுபவனுக்குப் பிதுரார்ஜிதமாகக் கிடைத்திருக்கிறது: சுமையேற்றிய சைக்கிளுடன் வரும் முதியவரும், பெற்றோருடன் வரும் பத்து வயதுச் சிறுவனும், மூச்சு வாங்காமல் ஆல்ப்ஸைக் கடக்க முடிவது இதனால்தான். ஆற்றங்கரைகளிலும் காட்டுத் தடங்களிலும் அமைந்த சைக்கிள் பாதைகள் ஐரோப்பாவில் எத்தனையோ இருந்தாலும், மலைநாட்டுக்குப் பழைய ரயில் தடமே எல்லாவற்றினும் சிறந்தது.

ஒற்றைத் தண்டவாளம் கொண்ட பழைய பாதையில் பெருகிவந்த சரக்குப் போக்குவரத்து அடங்காமையால், பெரும்பாலும் சுரங்கங்களின் வழியே செல்லும் இரட்டைப் பாதை புதிதாக அமைக்கப்பட்டது. 1995-இல் பொன்டெப்பா வரையிலும் 2000-இல் தார்விசியோ வரையிலும் அது திறக்கப்படவே, பழைய தடத்தில் வண்டிகள் ஓடுவது நின்றது. டோஞா, கியூசாஃபோர்ட்டே முதலிய சிற்றூர்கள் தங்கள் ரயில் நிலையங்களை இழந்தன. எனினும் அவ்வூர்களுக்கு நெடுஞ்சாலையும் பஸ்ஸும் இருப்பதால், கைவிடப்பட்ட தடத்தை முள் மண்ட விடாமல் சைக்கிளுக்கு ஒதுக்கியதே தகுந்த முடிவாகும்.

தண்டவாளங்களை அகற்றித் தார் போடப்பட்ட தடத்தில், பழைய சுரங்கங்களும் பாலங்களும் அப்படியே பயன்படுகின்றன. கோடை வெயிலில் இறங்கி வருபவர் சுரங்கத்தின் வாயிலை நெருங்கும்போதே குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். உள்ளே விளக்குகள் இருப்பினும், வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்குச் சில நொடிகள் ஒன்றும் புலப்படாது. கசியும் நீர் தரையை ஈரமாக்கியிருக்கும். மறுமுனையில் வெளிப்பட்டவுடன் காலடியில் இரும்புப் பாலம், அதன் கீழே வெண்மணலும் கூழாங்கல்லும் பரந்த ஆற்றுப் படுகை, அதனிடையே நீலப்பச்சை நிறத்தில் மெலிந்தோடும் ஃபெல்லா. கோடையில் இத்தனை சாதுவாகத் தோன்றும் இந்நதியும் அதன் ஓடைகளும் 2003 ஆகஸ்டு 29-ஆம் தேதி பெருகி, உகோவித்சா, மல்போர்கெத்தோ முதலிய ஊர்களைச் சேற்றிலும் பாறையிலும் புதைத்ததை அவ்வூரார் மறக்கவில்லை. கியூசாஃபோர்ட்டேயின் பழைய ரயில் நிலையம் இன்று பிரயாணிகள் தங்கி உண்ணும் விடுதி. ரயிலுக்காகக் காத்திருந்த பிளாட்பாரத்தில் இப்போது மேஜைகள் போடப்பட்டு, சைக்கிள்கள் சார்த்தி வைக்கப்பட்டிருக்கின்றன.

ரெசியுத்தாவுக்கும் வென்சோனேவுக்கும் இடையே தனிப்பாதை தொடர்ச்சியாக அமையாமையால், சிற்சில இடங்களில் 13-ஆம் எண் நெடுஞ்சாலையில் லாரிகளுடன் செல்ல நேர்கிறது. இத்தகைய பாதைக்கு இது பெருங்குறை. 1976-ஆம் ஆண்டுப் பூகம்பங்களில் இடிந்து, கற்களுக்கு எண்ணிட்டுத் திரும்பக் கட்டப்பட்ட தேவாலயத்தை உடைய வென்சோனேவுக்குக் குழந்தைகளுடன் செல்பவர்கள் இந்தப் பகுதியைத் தவிர்ப்பதே நலம். 2015-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த சைக்கிள் கண்காட்சியில் ஆல்ப்-ஆத்ரியா பாதை அவ்வாண்டின் சிறந்த சைக்கிள் பாதையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. பலர் சைக்கிளை ரயிலில் ஏற்றித் தார்விசியோ சென்று அங்கிருந்து தெற்கே இறங்குகின்றனர். குளிர்காலத்தில் மேற்பகுதி பனியால் மூடப்படும்.