காந்தாரி மிளகாய்

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வீட்டுக் கொல்லைகளில் வளரும் கடுங்கார மிளகாய். தாவரவியல் பெயர் காப்சிகம் ஃபுரூட்டசென்ஸ். காய்கள் வானம் பார்த்து நிற்கும்; நீளம் ஓர் அங்குலத்தைத் தாண்டுவது அரிது. காரம் சுமார் 50,000 முதல் 1,00,000 ஸ்கோவில் அலகு. 2007இல் உலகின் மிகக் காரமான மிளகாயாகக் கின்னஸில் ஏறிய வடகிழக்கு இந்தியாவின் பூத் ஜொலோகியா 10 லட்சத்தைத் தாண்டியது. ஆனாலும் அவித்த மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ளக் காந்தாரிக்கு ஈடில்லை.

பெரும்பாலும் பறவைகளே விதைக்கின்றன. மிளகாய்க்குக் காரம் தரும் காப்சைசின் அவற்றுக்கு உறைப்பதில்லை. எச்சத்தோடு விழுந்த விதை வேலியோரம் தானே முளைக்கும். நாமே விதைப்பதானால், செடியிலேயே சிவந்து கனிந்த பழத்தின் விதையை நிழலில் உலர்த்தி, மணலும் மட்கிய சாணமும் கலந்த மண்ணில் கால் அங்குல ஆழத்தில் ஊன்ற வேண்டும். முளைக்க இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். அவசரப்பட்டுத் தண்ணீரைக் கொட்டினால் நாற்று அழுகிவிடும். நான்கைந்து இலை விட்டதும் பிடுங்கி நடலாம். அரைநிழல் போதும், வேரில் நீர் தேங்கக் கூடாது. ஒரே செடி சில ஆண்டுகள் காய்க்கும்.

காரம் மிகுதியாக இருப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைத் தசையில். பறித்த கை எரிந்தால் வெறும் தண்ணீர் உதவாது. தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவவும்.