சுமை ஏறிய வழிகள்

போர்க்களத்தை நினைவிடமாக்குவோர் பெரும்பாலும் தூண் நிறுத்துவர். கல்லறைத் தோட்டம் அமைப்பர். வசதியிருந்தால் அருங்காட்சியகம் திறப்பர். ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையிலுள்ள கார்னிக் ஆல்ப்ஸ் மலைமுகட்டில் அரை நூற்றாண்டுக்கு முன் சிலர் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்தனர். முதல் உலகப்போரில் வெட்டப்பட்டுப் பின்னர் சரிந்தும் புதர்மண்டியும் கிடந்த இராணுவப் பாதைகளை மறுபடி நடக்கத்தக்கனவாக்கத் தொடங்கினர். சுமைகூலிகளின் வரலாற்றைப் படித்துவரும் எனக்கு அம்முயற்சியின்மேல் மதிப்பும் உண்டு. சிறிது உறுத்தலும் உண்டு. இரண்டையும் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

1915 மே 23 அன்று இத்தாலி ஆஸ்திரிய-ஹங்கேரி மீது போர் அறிவித்தது. பேரரசின் முதன்மைப் படைகள் அப்போது கிழக்கே ரஷ்யாவுடன் பொருதிக்கொண்டிருந்தன. எனவே 1,357 மீட்டர் உயரத்திலுள்ள பிளோக்கன் கணவாயையும் அதைச் சூழ்ந்த சிகரங்களையும் தொடக்கத்தில் காத்தவர்களுள், படைவயதை எட்டாத இளைஞரும் அவ்வயதைக் கடந்த முதியோருமான கரிந்தியத் தன்னார்வத் துப்பாக்கியர் பலர். கிளைனர் பால் என்று ஜெர்மானியரும் பால் பிக்கோலோ என்று இத்தாலியரும் அழைக்கும் குன்றின்மேல் எதிரெதிர்ப் பதுங்குகுழிகள் சில இடங்களில் கல்லெறி தூரத்திலேயே இருந்தன. 1917 அக்டோபர் இறுதியில் கபோரெட்டோவில் இத்தாலிய அணி உடையும்வரை அந்நிலை பெரிதும் மாறவில்லை. இரண்டரை ஆண்டுகள், கடுங்குளிர் உட்பட, ஆயிரக்கணக்கானோர் மரமற்ற முகட்டில் உயிர்வாழ வேண்டியிருந்தது. ரொட்டி, விறகு, தோட்டா, பலகை அனைத்தும் கீழிருந்தே ஏறின. பாதைகள் பிறந்த கதை அதுதான்.

1973இல் ஆஸ்திரிய இராணுவ அதிகாரியும் போர்வரலாற்றாசிரியருமான வால்டர் ஷாமன் 'டோலமைட் நண்பர்கள்' என்ற சங்கத்தை நிறுவினார். பல நாடுகளிலிருந்து வந்த தன்னார்வலர் கோடைதோறும் ஊதியமின்றி உழைத்தனர். சீர்செய்த வழிகளுக்கு 'அமைதிப் பாதைகள்' என்று பெயரிட்டனர். (1915இல் துப்பாக்கி ஏந்திய தன்னார்வலரையும் 1973இல் கடப்பாரை ஏந்தியோரையும் ஜெர்மன் மொழி ஒரே சொல்லால்தான் சுட்டுகிறது.) கிளைனர் பால் திறந்தவெளி அருங்காட்சியகமாயிற்று, அடிவாரத்துக் கோட்ஷாக்-மாவ்தன் ஊரில் பின்னர் ஓர் அருங்காட்சியகமும் எழுந்தது.

'அமைதிப் பாதை' என்ற பெயரை வெறும் அலங்காரம் என்று நான் முதலில் எண்ணினேன். காலத்தைக் கவனித்தபின் அவ்வெண்ணம் மாறியது. தென் டிரோல் சிக்கலால் 1960களில் அந்த எல்லை முழுவதும் பதற்றத்தில் இருந்தது. இதே முகட்டின் மேற்கே, போர்ஸே கணவாயில், 1967 ஜூன் 25 அன்று வெடிபொருள்களுக்கு நான்கு இத்தாலியப் படையினர் பலியாயினர். அதைச் செய்தவர் யார் என்பதில் இன்றும் சர்ச்சை ஓயவில்லை. ஆறே ஆண்டுகளில் அதே மலைத்தொடரில் இரு பக்கமும் இறங்கும் வழிகளைத் திறக்க முற்பட்டது எளிய செயலன்று.

பாதை செப்பனிடும் பணி ஆய்வாளனுக்கு ஆவணக் காப்பகம் தராத ஒன்றைத் தருகிறது. கோவேறு கழுதை ஏறவேண்டிய வழிக்கு மிதமான சரிவு தேவை; வளைவில் விலங்கும் பொதியும் திரும்ப இடம் தேவை. மனிதர் மட்டும் ஏறிய வழியோ குறுகியது, செங்குத்தானது. எதிரியின் பார்வைபடாத சரிவையே இரண்டும் நாடும். சுண்ணாம்புக் காரையில்லாமல் அடுக்கிய தாங்குசுவரில் சரிந்த கல்லை எடுத்து மறுபடி பொருத்துகிறவன், முதலில் அடுக்கியவன் எதற்கு அஞ்சினான், எங்கே அவசரப்பட்டான் என்பதைக் கையால் அறிகிறான். போர்க்கட்டளைகளில் இந்த அறிவு கிடைப்பதில்லை.

உறுத்தல் எங்கே என்றால், புதுப்பித்த பதுங்குகுழியும் புதுப்பலகை வேய்ந்த குடிலும் பார்வையாளரின் கண்ணைப் படைவீரன் மீதே நிறுத்திவிடுகின்றன. தெற்குச் சரிவில் ஏறியவர்கள் வேறு. ஆடவர் போருக்குச் சென்றுவிட்ட கார்னியாவின் சிற்றூர்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் முதுகுக்கூடையில் 30 முதல் 40 கிலோ வரை சுமந்து முன்னரணுக்குச் சென்றனர். சிறுமியரும் மூதாட்டியரும் அவர்களுள் இருந்தனர். கையில் சிவப்புப் பட்டை. ஒருமுறை ஏறினால் ஒன்றரை லிரா கூலி. திமாவு ஊரினரான மரியா புளோஸ்னர் மென்தில் 1916 பிப்ரவரியில், சுமை இறக்கிவிட்டு இளைப்பாறுகையில், மறைந்திருந்த ஆஸ்திரியத் துப்பாக்கிக்காரனின் குண்டுக்கு இலக்காகி இறந்தார். வயது 32, நான்கு குழந்தைகள், கணவர் வேறொரு போர்முனையில். இத்தாலிய அரசு அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கிய ஆண்டு 1997.

திமாவு பேசுவது ஒரு ஜெர்மன் கிளைமொழி. கரிந்தியாவிலிருந்து குடியேறியோரின் வழிவந்த ஊர் அது. முகட்டுக்கு அப்பால் இருந்த பகைவரின் பேச்சு, மேலே நின்ற இத்தாலிய வீரர் பலரின் பேச்சைவிட இப்பெண்களுக்கு நெருக்கமானது. தேசங்களின் மோதலாகப் போரைச் சொல்லும் எந்தப் பலகையிலும் இச்செய்தி எளிதில் அடங்காது. அவர்கள் ஏறிய தடமோ இரு தேசக் கதைகளிலும் சேராமல் இன்றும் மலையில் கிடக்கிறது.

இதை நான் எழுதக் காரணம் கோகிமா. 1944 ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த சமரின் நினைவாக அங்குள்ள போர்க் கல்லறைத் தோட்டத்தில் 1,420 கல்லறைகள் உள்ளன. தகனம் செய்யப்பட்ட 917 இந்து, சீக்கியப் படையினருக்குத் தனி நினைவுச்சின்னம் உண்டு. பிரித்தானிய 2ஆம் படைப்பிரிவின் நினைவுக்கல் மராமிலிருந்து வந்தது. அதில் பொறித்த வாசகத்தை உலகமே அறியும். அப்பெருங்கல்லை இழுத்துவந்த நாகர்களைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சமரின்போது தோட்டாவும் உணவும் மேலே சென்றதும், காயம்பட்டோர் கீழே வந்ததும் நாகர்களின் தோள்களில்தான். எந்த ஊரிலிருந்து எந்தக் குன்றுக்கு, எந்த ஓடையைக் கடந்து சென்றனர் என்பதை வரைபடமாக்குவது ஒரு துறை மாணவர் குழு இரண்டு குளிர்காலங்களில் செய்யக்கூடிய பணி. கல்லும் பலகையும் பிறகு வரட்டும்; முதலில் அவ்வூர்களில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அன்று பத்து வயதுச் சிறாராய் அந்தச் சுமைகளைப் பார்த்தவர்களுக்கு இப்போது தொண்ணூறு கடந்துவிட்டது.