மெட்ராஸ் என்றொரு பிரெஞ்சுப் பாட்டு

கோவளம் கோட்டையை 1752-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கிளைவ் பிடித்த கதை நமக்குத் தெரியும். ஒரு பிரெஞ்சுப் பாட்டுக்கு 'மெட்ராஸ்' என்றே பேர் வந்த கதை தெரியுமா மக்களே?

1912 வாக்கில் இந்தியா வந்துபோன மோரிஸ் தெலாஜ் 'நான்கு இந்துக் கவிதைகள்' என்று பாட்டு போட்டார். 1914 ஜனவரி 14 அன்று பாரிஸில் ரோஸ் ஃபேயார் என்ற சோப்ரானோ (உச்சஸ்தாயிப் பாடகி) முதன்முதலில் பாடினார். நாலுக்கும் ஊர்ப்பேர்கள். 'மெட்ராஸ்' வரிகளோ பர்த்ருஹரியோட சமஸ்கிருதக் கவிதை, பிரெஞ்சில். 'லாகூர்' இன்னும் மோசம், ஜெர்மன்காரர் ஹைன எழுதினது! தமிழ்ச்சொல் ஒண்ணுகூட இல்லை.

ஆனா உச்சரிப்பில் ஒரு சொந்தம் இருக்கு. பேசும்போது 'ரோஸ்' என முடியும் பிரெஞ்சுச் சொல், பாட்டில் 'ரோ-ஸ' என நீளும். விழுங்கின உயிரெழுத்துக்கும் ஒரு ஸ்வரம் கிடைக்கும். 'பாட்டு' என்பதில் குறுகுற உகரம் பாடும்போது நம்மகிட்டேயும் நீளுதே, அது மாதிரி.

சென்னையில் யாராவது இதைப் பாடினா, முதல் வரிசையில் நான்தான் :-)