டேட்டன் மருந்துக்கடையில் விற்ற பாடநூல்

1925ஆம் ஆண்டு மே மாதம், டென்னஸி மாநிலத்தின் டேட்டன் என்ற சிற்றூரில், எஃப். ஈ. ராபின்சன் என்பவரின் மருந்துக்கடையில் கூடியிருந்த சிலர், டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்த ஓர் இளம் ஆசிரியரை ஆளனுப்பி அழைத்து வந்தார்கள். ஜான் ஸ்கோப்ஸுக்கு அப்போது 24 வயது. உயிரியல் ஆசிரியர் அல்லர். விளையாட்டுப் பயிற்சி அளிப்பதும் வேறு சில பாடங்கள் நடத்துவதுமே அவர் வேலை. தலைமையாசிரியர் உடல்நலமின்றி இருந்த சில நாட்களில் அவருடைய உயிரியல் வகுப்பைக் கவனித்துக்கொண்டவர், அவ்வளவுதான். பரிணாமத்தைத் தொடாமல் உயிரியல் நடத்த முடியுமா என்று அவரைக் கேட்டார்கள். முடியாது என்ற ஸ்கோப்ஸ், அந்தக் கடையின் அலமாரியிலேயே விற்பனைக்கு இருந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் காட்டினார். ராபின்சன் உள்ளூர்ப் பள்ளி வாரியத்தின் தலைவரும்கூட. பாடநூல்களும் அவர் கடையில்தான் கிடைக்கும்.

இதன் பிறகு நடந்த வழக்கு உலகறிந்தது. மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடைசெய்து அவ்வாண்டு மார்ச்சில் டென்னஸி சட்டம் இயற்றியிருந்தது. அந்தச் சட்டத்தை நீதிமன்றத்துக்கு இழுக்க ஒரு குற்றவாளி தேவைப்பட்டார், ஸ்கோப்ஸ் இசைந்தார். கிளாரன்ஸ் டாரோவும் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனும் எதிரெதிரே நின்றார்கள். அறிவியலுக்கும் மதத்துக்கும் நடந்த போராக அது நாடகங்களிலும் திரைப்படங்களிலும் நிலைபெற்றுவிட்டது. ஆனால் என் ஆர்வம் அந்த இரு வழக்கறிஞர்களின் மேல் அல்ல, அலமாரியிலிருந்து எடுக்கப்பட்ட புத்தகத்தின் மேல். மாநில அரசே அங்கீகரித்திருந்த பாடநூல் அது. ஒரு கையால் விதித்ததை மறு கையால் விலக்கிய அந்த அரசின் குழப்பம் ஒருபுறம் இருக்கட்டும். அந்தப் புத்தகத்தில் வேறு என்னென்ன இருந்தன என்பதைத்தான் பலரும் வாசிக்காமல் விட்டுவிட்டார்கள்.

நூலின் பெயர் 'எ சிவிக் பயாலஜி'. குடிமை உயிரியல் என்று சொல்லலாம். 1914இல் வெளிவந்தது. எழுதியவர் ஜார்ஜ் வில்லியம் ஹன்டர், நியூயார்க் நகரின் டிவிட் கிளின்டன் உயர்நிலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தவர்.

அக்காலத்தில் 'உயிரியல்' என்ற பள்ளிப் பாடமே புதிது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தாவரவியல், விலங்கியல், மனித உடலியல் என்று தனித்தனியாகத்தான் நடத்தினார்கள். மூன்றையும் 'உயிர்' என்ற ஒரே பொருளின் கீழ்க் கொண்டுவரும் யோசனை இங்கிலாந்தில் தாமஸ் ஹக்ஸ்லியிடமிருந்து கிளம்பியது. 1876இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டபோது அவர் அங்கு சென்று உரையாற்றினார். அவருடைய உதவியாளராக இருந்த நியூவெல் மார்ட்டின் அங்கேயே பேராசிரியரானார். பல்கலைக்கழகத்தில் ஊன்றிய நாற்று உயர்நிலைப்பள்ளிக்கு வந்து சேர இன்னும் கால் நூற்றாண்டு ஆயிற்று. வந்து சேர்ந்த இடம் நியூயார்க் போன்ற பெருநகரங்கள். குடியேறிகளின் பிள்ளைகள் நெரிசலான குடியிருப்புகளிலிருந்து பள்ளிக்கு வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குக் காசநோய் எப்படிப் பரவுகிறது, பாலை ஏன் காய்ச்ச வேண்டும், குடிநீர் எங்கிருந்து வருகிறது, மது உடலை என்ன செய்யும் என்பதையெல்லாம் சொல்லித்தர வேண்டியிருந்தது. ஆகவே உயிரியல் அங்கே பூவையும் தவளையையும் பற்றிய பாடமாக மட்டும் இல்லை. நல்ல குடிமகனை உருவாக்கும் பாடமாகவும் இருந்தது. ஹன்டரின் நூல்பெயரில் உள்ள 'குடிமை' அங்கிருந்து வருவது. நூலின் பெரும்பகுதி இன்றைக்கும் பயனுள்ளது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

பரிணாமத்துக்கு அதில் ஒதுக்கப்பட்டவை சில பக்கங்களே. ஒரு மரவடிவ வரைபடம் உண்டு. ஒவ்வொரு உயிர்ப்பிரிவுக்கும் அதன் இனங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற அளவில் ஒரு வட்டம். பாலூட்டிகளின் வட்டத்தில் 3,500 இனங்கள். மனிதனுக்கென்று தனி வட்டம் இல்லாமல், மற்ற 3,499 பாலூட்டிகளோடு அவனை அடைத்துவிட்டார்களே என்று பிரையன் நீதிமன்றத்தில் குமுறினார். சிங்கக் குகையில் போடப்பட்ட தானியேலோடு ஒப்பிட்டுக் கேலியும் செய்தார். அவையில் சிரிப்பு எழுந்தது.

ஆனால் அதே நூல், சற்றே புரட்டினால், மனிதர்களை ஐந்து இனங்களாகப் பிரித்து, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாழும் வெள்ளையரை எல்லாரினும் உயர்ந்தவர்களாக வைக்கிறது. இன்னும் சில பக்கங்கள் சென்றால் யூஜெனிக்ஸ் எனப்படும் இனமேம்பாட்டியல். ஜூக்ஸ், காலிகாக் என்ற புனைபெயர்களால் அறியப்பட்ட இரண்டு குடும்பங்களைக் காட்டி, குற்றமும் வறுமையும் மந்தபுத்தியும் குருதிவழி இறங்குபவை என்கிறது. இத்தகைய குடும்பங்களைச் சமூகத்தின் ஒட்டுண்ணிகள் என்கிறது. விலங்குகளாயிருந்தால் கொன்றிருப்போம், மனிதர்களாகையால் அது இயலாது, ஆண் பெண்களைப் பிரித்துக் காப்பகங்களில் வைத்து இனம்பெருகாமல் தடுக்கலாம் என்ற பொருளில் அறிவுரையும் தருகிறது. பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கான பாடம் இது.

டாரோ இதைப் பற்றி அந்த வழக்கில் பேசவில்லை; பேசினால் அவருடைய தரப்பு வலுவிழக்கும். பிரையன்? நீதிமன்றத்தில் நிகழ்த்த வாய்ப்பே கிடைக்காமல் போன அவருடைய இறுதியுரையில், யாரோ சிலர் தங்களை உயர்ந்த அறிவாளிகளாக நியமித்துக்கொண்டு மனிதர்களின் மணவுறவைத் தீர்மானிக்கும் 'அறிவியல் இனப்பெருக்கத்தை' அவர் சாடுகிறார். மூடநம்பிக்கையின் உருவமாக நாம் கேட்டுப் பழகிய மனிதரிடம் இந்தப் பத்தியைக் காணும்போது எனக்குச் சங்கடம் ஏற்பட்டது. பரிணாமத்தைப் பற்றி அவர் சொன்னது தவறு. இதைப் பற்றிச் சொன்னது சரி. ஜூலை 21 அன்று தீர்ப்பு வந்தது, 100 டாலர் அபராதம். ஐந்து நாட்கள் கழித்து பிரையன் டேட்டனிலேயே இறந்துபோனார். அபராதத்தை நடுவர்குழு விதிக்காமல் நீதிபதி விதித்தார் என்ற காரணத்தால் 1927இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. சட்டம் 1967 வரை நீடித்தது.

1926இல் ஹன்டரின் நூல் திருத்திய பதிப்பாக வந்தது. பரிணாமம் என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். வட்டங்கள் கொண்ட மரமும் போயிற்று.

மறு ஆண்டு, 1927 மே மாதம், வர்ஜீனியாவின் கேரி பக் என்ற இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. தாய், மகள், பேத்தி என்று மூன்று தலைமுறை மந்தபுத்தியினர் போதும் என்பது நீதிபதி ஹோம்ஸின் புகழ்பெற்ற வாதம். பேத்தி விவியனைக் கைக்குழந்தையாகப் பார்த்த ஒரு சமூகப் பணியாளர், பார்வையில் ஏதோ இயல்பற்றது தெரிகிறது என்று சாட்சி சொன்னதே அவளுக்கு எதிரான ஆதாரம். கேரியைக் கெடுத்தவன் அவளை வளர்த்த குடும்பத்தின் உறவினன் என்பதும், அவமானத்தை மறைக்கவே அவள் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டாள் என்பதும் பின்னாளில் வெளிவந்தன. விவியன் எட்டு வயதில், 1932இல் இறந்தாள். அவளுடைய பள்ளி மதிப்பெண் பதிவுகள் பின்னர் கண்டெடுக்கப்பட்டன. ஸ்டீஃபன் ஜே கூல்ட் 1984இல் அவற்றைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சராசரியான, சில பாடங்களில் நன்றாகவே தேறிய மாணவி. 1931 ஏப்ரலில் அவள் பெயர் பள்ளியின் ஹானர் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது.

இந்த 'ஹானர்' என்ற சொல்லை வைத்து இன்னொரு கதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க உயர்நிலைப்பள்ளி என்பது பெரும்பாலும் 9 முதல் 12 வரையிலான நான்கு வகுப்புகள். ஒரே கூரையின் கீழ், ஒரே பாடம், வெவ்வேறு தரங்களில் நடக்கும். சாதாரண உயிரியல், அதற்கு மேல் ஹானர்ஸ் உயிரியல், அதற்கும் மேல் கல்லூரிப் பாடத்துக்கு நிகரான ஏ.பி. உயிரியல். நம் ஊரில் அ பிரிவு, ஆ பிரிவு என்று பிரித்துக்கொள்வதைப் போன்றதல்ல. பாடத்தின் ஆழமே மாறுபடும். (உயிரியல், வேதியியல், இயற்பியல் என்ற வரிசையில் படிப்பதற்கு ஆங்கில அகரவரிசையைத் தவிர வேறு நியாயமில்லை என்று இயற்பியலாளர் லியான் லெடர்மன் குறைபட்டுக்கொண்டதுண்டு.)

யாரை எந்த வகுப்பில் அமர்த்துவது? இதற்கான கருவி முதல் உலகப் போரின்போது கிடைத்தது. ராபர்ட் யெர்க்ஸின் தலைமையில் சுமார் 17 லட்சம் படைவீரர்களுக்கு நுண்ணறிவுச் சோதனை நடத்தினார்கள். அந்தப் பணியில் பங்கேற்ற ஸ்டான்ஃபோர்ட் உளவியலாளர் லூயிஸ் டெர்மன், போர் முடிந்ததும் அதைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். சோதனை நடத்தி, மாணவர்களைப் பல தடங்களாகப் பிரிக்க வேண்டும் என்பது அவருடைய திட்டம். டெர்மன் இனமேம்பாட்டியலில் உறுதியான நம்பிக்கை உடையவர். ஹன்டர் பாடநூலில் எழுதியதும் டெர்மன் வகுப்பறைகளைப் பிரித்ததும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. உயிரியல் வகுப்பில் மாணவன் கற்ற மரபுக் கொள்கையின் பெயரால்தான் அவன் எந்த உயிரியல் வகுப்பில் அமர வேண்டும் என்பதும் முடிவாயிற்று.

பிறகு 1957. செப்டம்பர் 24 அன்று, லிட்டில் ராக் நகரின் சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளிக்குள் ஒன்பது கறுப்பின மாணவர்களை அழைத்துச் செல்ல அதிபர் ஐசன்ஹோவர் படையை அனுப்ப உத்தரவிட்டார். பத்து நாட்கள் கழித்து ஸ்புட்னிக் விண்ணில் ஏறியது. இரண்டுமே அமெரிக்க உயர்நிலைப்பள்ளியை உலுக்கின. இரண்டையும் சேர்த்து வாசித்தவர்கள் குறைவு. 1958இல் வந்த தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், திறமையுள்ள மாணவர்களைச் சோதித்துக் கண்டறியவும் பணம் ஒதுக்கியது. மறு ஆண்டு, ஹார்வர்டின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் தம் நூலில், மாணவனை மொத்தமாக ஒரே தடத்தில் தள்ளாமல், பாடம்பாடமாகத் திறனுக்கேற்பப் பிரிக்கும்படி பரிந்துரைத்தார். உயிரியலில் ஹானர்ஸ், ஆங்கிலத்தில் சாதாரணம் என்றிருப்பதை அந்தப் பரிந்துரை அனுமதித்தது.

பாடநூலும் மாறியது. கொலராடோவின் போல்டரில் பி.எஸ்.சி.எஸ். என்ற குழு 1958இல் உருவானது. தேசிய அறிவியல் நிறுவனத்தின் பணத்தில் உயிரியலாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக உட்கார்ந்து எழுதினார்கள். டார்வின் இல்லாமல் கழித்த நூறாண்டுகள் போதும் என்று 1959இல் மரபியலாளர் ஹெர்மன் முல்லர் முழங்கினார். ஹோம்ஸின் 'போதும்' காதில் ஒலிக்காமல் இதைப் படிக்க முடிவதில்லை. 1963இல் மூன்று நூல்கள் வந்தன: மூலக்கூறுகளிலிருந்து தொடங்கும் நீலம், சூழலிலிருந்து தொடங்கும் பச்சை, உயிரணுவிலிருந்து தொடங்கும் மஞ்சள். மூன்றிலும் பரிணாமம் நடுவில் இருந்தது. மற்ற பதிப்பகங்களும் பின்தொடர்ந்தன. 1965இல் லிட்டில் ராக் பள்ளிகளுக்குப் பரிணாமம் உள்ள புதிய நூல் வந்தபோது, அதை நடத்தினால் ஆர்கன்சாவின் 1928ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை. சூசன் எப்பர்சன் என்ற ஆசிரியை வழக்குத் தொடுத்தார்; 1968இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. அவர் பணியாற்றிய பள்ளி, அதே சென்ட்ரல் உயர்நிலைப்பள்ளி.

மற்றொரு வழக்கை அவ்வளவாக யாரும் நினைவுகூர்வதில்லை. தலைநகர் வாஷிங்டனில் 1954இல் நிறப்பாகுபாடு சட்டப்படி ஒழிந்தது. 1956இல், பின்னாளில் கண்காணிப்பாளரான கார்ல் ஹான்சன் உயர்நிலைப்பள்ளிகளில் நான்கு தடங்களைக் கொண்டுவந்தார். மேலே ஹானர்ஸ், அடியில் பேசிக். ஜூலியஸ் ஹாப்சன் என்ற உரிமைப் போராளி வழக்குத் தொடுத்தார். நீதிபதி ஸ்கெல்லி ரைட் 1967 ஜூனில் அந்த முறையை ரத்துசெய்தார். சோதனைகள் வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாகக் கொண்டவை, அவை அளந்தது பிறவித் திறனை அல்ல, வளர்ந்த சூழலை என்பது அவருடைய முடிவு. ஒரு பள்ளி வாசலில் அழிக்கப்பட்ட கோடு அதே பள்ளியின் வகுப்பறைகளுக்கிடையே மீண்டும் வரையப்பட்டதை அந்தத் தீர்ப்பு பதிவுசெய்தது.

ஹானர்ஸ் வகுப்புகள் அதனால் ஒழிந்துவிடவில்லை. ஒழிய வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. ஆர்வமுள்ள பிள்ளைக்கு ஆழமான பாடம் கிடைப்பதை எப்படிக் குறைசொல்வது? அந்த வகுப்புகளில் இன்று நடக்கும் ஒரு பாடத்தைச் சொல்கிறேன். பி.டி.சி. என்ற வேதிப்பொருள் தடவிய காகிதத் துண்டை மாணவர்கள் நாக்கில் வைக்கிறார்கள். சிலருக்குக் கசக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. கசக்காதவர்களை எண்ணி, மறைந்திருக்கும் மரபணுவின் அளவைக் கணக்கிடுகிறார்கள். அந்தச் சமன்பாட்டை 1908இல் எழுதியவர்களில் ஒருவர் நமக்கு வேறு வழியில் அறிமுகமானவர்: ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு அழைத்த ஜி. எச். ஹார்டி. கிரிக்கெட் தோழரான மரபியலாளர் பன்னெட் கேட்ட ஐயத்துக்குப் பதிலாக, அற்பமான கணக்கு என்ற கூச்சத்தோடுதான் அவர் அதை வெளியிட்டார்.

ஒடுங்கு மரபணுவால் வரும் ஒரு குறை பத்தாயிரத்தில் ஒருவருக்கு வெளிப்படுகிறது என்று கொண்டால், அம்மரபணுவைச் சுமந்துகொண்டு எந்த அறிகுறியுமின்றி நடமாடுபவர்கள் 198 பேர் என்று அச்சமன்பாடு காட்டுகிறது. ஹன்டர் சொன்னபடி அந்த ஒருவரைக் காப்பகத்தில் அடைத்தாலும் 198 பேர் வெளியே இருப்பார்கள். நூல் அச்சேறிய 1914இல் அந்தக் கணக்குக்கு ஆறு வயது ஆகியிருந்தது.