எழும்பூர்த் தொலைநோக்கியும் குன்றத்தூர் வானமும்

தமிழகத்தில் நவீன வானியலின் வரலாறு ஒரு தனிமனிதரின் பொழுதுபோக்கிலிருந்து தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலரான வில்லியம் பெட்ரி, 1786-இல் எழும்பூரில் தமக்கென ஒரு வானோக்ககம் அமைத்தார். சில ஆண்டுகளில் கம்பெனி அதனை ஏற்றுக்கொண்டது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மைக்கேல் டாப்பிங்கின் வடிவமைப்பில் புதிய கட்டடம் எழுந்தது. அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூணில் அச்செய்தி தமிழிலும் பொறிக்கப்பட்டது.

அந்த வானோக்ககத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்னும் மாறொளிர் விண்மீனைக் கண்டறிந்தார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் சூரியனைக் கடக்கவிருந்ததை ஒட்டி, பொதுமக்களுக்கென இந்திய மொழிகளில் விளக்கச் சிறுநூல் வெளியிட்டார். பஞ்சாங்கக் கணக்கு கண்ணுக்குத் தெரியும் வானத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

பிற்காலத்தில் வானியல் பணி நகரத்தை விட்டு அகன்றது. 1899-இல் அது கொடைக்கானலுக்குச் சென்றது. 1960-களில் சவ்வாது மலையின் காவலூரில் இருண்ட வானம் தேடிப் புதிய ஆய்வுக்கூடம் உருவாயிற்று. நிறுவனங்களுக்கு இப்படி இடம்பெயர முடியும். மாடியில் நின்று வானம் பார்க்கும் ஆர்வலரோ தம் ஊர் வானத்தையே நம்பியிருக்கிறார்.

குன்றத்தூரை எடுத்துக்கொள்வோம். ஒருபுறம் சென்னை, மறுபுறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகள். இருபுற வெளிச்சமும் வானத்தை வெளுக்கச் செய்ய, பால்வீதி மறைந்துவிட்டது. எஞ்சியவை நிலவு, ஒளிமிக்க கோள்கள், செயற்கைக்கோள்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், தொண்ணூறு நிமிடங்களுக்கு ஒருமுறை புவியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையம் இந்த வெளுத்த வானிலும் வெறுங்கண்ணுக்குத் தெரிகிறது. நமக்குப் பொழுது சாய்ந்த பின்னும் அவ்வுயரத்தில் வெயில் இருப்பதே காரணம். சில மாலைகளில் அது நடுவானிலேயே மங்கி மறையும். புவியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். சந்திர கிரகணத்தின்போது நிலவின்மேல் விழுவதும் இதே நிழல்தான்.

சேக்கிழார் பிறந்த இவ்வூரில் அவர் எழுப்பிய நாகேசுவரர் கோயிலை இராகு தலமாக மக்கள் வழிபடுகின்றனர். கிரகணத்தைப் பாம்பின் வாயாக உருவகித்த மரபுக்கும், நிழலில் மறையும் விண்கலத்தைப் பார்த்து நிற்பவருக்கும் வானம் ஒன்றே.

படமெடுப்போர் இங்கே வேறொரு வழியைக் கைக்கொள்கின்றனர். கேமராவை நெடுநேரம் திறந்துவைத்தால் படம் முழுவதும் வெளுத்துவிடும். ஆகவே குறுகிய நேரப் படங்கள் பலவற்றை எடுத்துக் கணினியில் ஒன்றுசேர்க்கின்றனர்.

இத்தகைய உத்திகளால் இழந்த வானம் முழுதும் மீண்டுவிடாது. விளக்கின் ஒளி மேலே சிதறாமல் தரையை நோக்கி விழுமாறு மூடியிட்டால் வேலையும் கெடாது. வானமும் ஓரளவு மிஞ்சும். இயற்றுவதற்கு அரிதான செயலன்று இது. பெட்ரிக்கு வாய்த்த வானத்தில் ஒரு பங்காவது நம் பிள்ளைகளுக்கு வாய்க்க வேண்டுமெனில், ஊராட்சிகளிடமும் ஆலைகளிடமும் இதை நாம் கேட்டாக வேண்டும்.