மீதிப் பேர் எந்த டீம்?

அமெரிக்காவில் இருக்கும் நம் உறவுக்காரப் பிள்ளைகளிடம் கல்லூரிக் கால்பந்து பற்றிக் கேட்டுப் பாருங்கள், அரை மணி நேரம் பேசுவார்கள். அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டணிகளாகச் சேர்ந்து ஆடுகின்றன. கூட்டணிகள் உடையும், சேரும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். நம் ஊர்த் தேர்தல் மாதிரிதான் :-) 2024இல் பசிபிக் கடலோரத்தில் இருக்கும் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் 'அட்லாண்டிக் கோஸ்ட்' கூட்டணியில் போய்ச் சேர்ந்தன. நோட்ர டாம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் கால்பந்தில் தனி ஆளாகவே நிற்கிறது. மற்ற பல ஆட்டங்களுக்கு 2013இல் அதே அட்லாண்டிக் கூட்டணியில் சேர்ந்தது. கால்பந்துக்கு ஒரே ஒரு வருடம், கொரோனா காலமான 2020இல், உள்ளே வந்துவிட்டு வெளியே போய்விட்டது.

தனியாக நிற்பவன் கூட்டத்தில் சேர வேண்டுமா, வேண்டாமா என்ற இந்தக் கேள்வி நாம் குடியிருக்கும் பம்பாயில் எண்பது வருடத்துக்கு முன்பே கேட்கப்பட்டது. கால்பந்தில் இல்லை, கிரிக்கெட்டில். பணத்துக்காகவும் இல்லை. அதைவிடச் சிக்கலான ஒன்றுக்காக. அந்தக் கதைதான் இன்றைக்கு.

மெரின் டிரைவில் நடந்திருப்பீர்கள். கடலைப் பார்த்தபடி வரிசையாக இந்து ஜிம்கானா, இஸ்லாம் ஜிம்கானா, பார்சி ஜிம்கானா என்று பலகைகள். கல்யாண ரிசப்ஷனுக்கு உள்ளே போய் வந்தவர்களும் உண்டு. அந்தப் பெயர்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று நம்மில் பலர் யோசித்ததில்லை. பம்பாய் கிரிக்கெட்டின் பழைய 'கூட்டணி முறை' அந்தப் பலகைகளில்தான் இன்னும் மிச்சம் இருக்கிறது.

1877இல் பார்சிகள் பம்பாய் ஜிம்கானா வெள்ளைக்காரர்களோடு ஆடியதில் தொடங்கியது இது. 1907இல் இந்துக்கள் சேர்ந்தார்கள், முக்கோணப் போட்டி ஆயிற்று. 1912இல் முஸ்லிம்கள் சேர்ந்தார்கள், நாற்கோணம், அதாவது குவாட்ராங்குலர். கவனியுங்கள், இது ஊருக்கு ஊர் போட்டி இல்லை, மதத்துக்கு மதம் போட்டி. ஆனால் அன்றைக்கு இந்தியாவிலேயே பெரிய கிரிக்கெட் திருவிழா இதுதான்.

நான்கு கட்டம் போட்டாயிற்று. எதிலும் அடங்காதவர்கள்? இந்தியக் கிறிஸ்தவர், யூதர், பௌத்தர், ஆங்கிலோ இந்தியர்... இவர்களில் எவ்வளவு நல்ல ஆட்டக்காரன் இருந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இருபத்தைந்து வருடம் அப்படித்தான் போயிற்று.

1937இல் ஐந்தாவது அணி வந்தது. அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'தி ரெஸ்ட்'. தமிழில் சொன்னால் 'மீதிப் பேர்'. பந்தியில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு 'மீதிப் பேர் அடுத்த பந்தி' என்பார்களே, அந்த மீதி. போட்டியின் பெயரும் பென்டாங்குலர், ஐங்கோணம் என்று மாறியது.

இதில் ஒரு வேடிக்கை. மீதிப் பேர் உள்ளே வந்த அதே வருடம் இந்துக்கள் வெளியே போனார்கள்! அப்போதுதான் பிரபோர்ன் ஸ்டேடியம் புதிதாகத் திறந்திருந்தது. எந்த ஜிம்கானாவுக்கு எத்தனை சீட் என்பதில் தகராறு. பெரிய சமூகமான எங்களுக்கு ஒதுக்கிய இடம் போதாது என்று இந்து ஜிம்கானா அந்த வருடப் போட்டியையே புறக்கணித்தது. கூட்டணியில் தொகுதிப் பங்கீடு சரிவரவில்லை என்றால் என்ன நடக்குமோ, அதேதான்.

இப்போது நம் விஷயத்துக்கு வருவோம். அன்றைய பம்பாய்த் தமிழன் இந்த ஐந்து கட்டத்தில் எங்கே நிற்பான்?

மாட்டுங்காவில் வாடகைக்கு இருந்த ஐயர் குமாஸ்தா, இந்து அணிக்குக் கைதட்டுவார். தோல் பதனிட தாராவிக்கு வந்த தமிழ் முஸ்லிம், முஸ்லிம் அணிக்கு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர், மீதிப் பேருக்கு. மூன்று பேரும் ஒரே ரயிலில் சென்னையிலிருந்து வந்திருப்பார்கள், ஒரே மொழியில் ஊர்க் கடிதம் எழுதியிருப்பார்கள். மைதானத்துக்குள் நுழைந்தால் மூன்று டீம்.

தாராவிக்கு வந்த தாழ்த்தப்பட்ட தமிழன்? கணக்குப்படி இந்து. ஆனால் அந்த 'இந்து' அணிக்குள் என்ன நடந்தது என்று பாருங்கள். பல்வங்கர் பாலு, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த இடக்கை ஸ்பின்னர். தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். 1911இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர். புனேயில் ஆடிய நாட்களில், மைதானத்தில் அவர் கையிலிருந்து பந்தை வாங்குவார்கள், டீ இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே மண்குவளையில் டீ. விக்கெட் வேண்டும், ஆள் வேண்டாம்! கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. 1920இல் இதை எதிர்த்து அவர் தம்பிகள் அணியிலிருந்து விலகினார்கள். அதன் பிறகு 1923இல் தம்பி விட்டல் கேப்டன் ஆனார், கோப்பையையும் ஜெயித்துக் கொடுத்தார். கட்டத்துக்குள் இடம் கிடைப்பது வேறு, கட்டத்துக்குள் மரியாதை கிடைப்பது வேறு. அதற்குப் பாலுவைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

நம் சென்னையில் கதை கொஞ்சம் வேறு. சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி நடந்த பிரசிடென்சி மேட்ச்சில் இரண்டே அணி. ஐரோப்பியர், இந்தியர். மதம் பார்த்துப் பிரிக்கவில்லை. (சாதி இல்லாமல் இருந்ததா என்று கேட்டு மடக்காதீர்கள், அதற்குத் தனியாக எழுத வேண்டும்!)

1934இல் ரஞ்சிப் போட்டி வந்தது. முதல் ஆட்டமே சேப்பாக்கத்தில்தான், நவம்பர் 4ஆம் தேதி, மதராஸும் மைசூரும். மைசூர் 48, 59. மதராஸ் 130. ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட். ஒரே நாளில் மேட்ச் முடிந்துவிட்டது. இங்கே நீ என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை. எந்த ஊர் என்பதுதான் கேள்வி.

ஆக, 1930களின் கடைசியில் பம்பாயில் இரண்டு முறையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடின. ரஞ்சியில் மெர்ச்சன்ட் பம்பாய்க்காரர், பென்டாங்குலரில் இந்து. கூட்டமும் வசூலும் பென்டாங்குலருக்குத்தான்.

1940 டிசம்பரில் இந்து ஜிம்கானாக்காரர்கள் காந்தியிடம் போய்க் கருத்துக் கேட்டார்கள். கல்லூரிக்குக் கல்லூரி ஆடினால் புரிகிறது, மதத்துக்கு மதம் ஆடுவது எனக்குப் புரியவே இல்லை என்ற பொருளில் சொல்லிவிட்டார் அவர். அந்த வருடம் இந்துக்கள் ஆடவில்லை. அடுத்த வருடமே திரும்பி வந்தார்கள். ஆதரித்தவர்கள் பக்கமும் வாதம் இருந்தது. பல வருடம் சண்டை இல்லாமல்தானே நடக்கிறது, தோற்றவன் ஜெயித்தவனுக்குக் கை கொடுக்கிறானே, பிரிவினையைக் கிரிக்கெட்டா கொண்டு வந்தது என்று கேட்டார்கள். சுலபமாகத் தள்ளிவிட முடியாத கேள்விதான்.

சரி, மீதிப் பேர் இதில் சேர்ந்தது தப்பா? அடிப்படையே தவறான ஒரு ஏற்பாட்டில், எங்களுக்கும் ஒரு கட்டம் கொடு என்று கேட்டது அந்த ஏற்பாட்டை இன்னும் பலமாக்கவில்லையா?

பதில் சொல்லும் முன் விஜய் ஹசாரேயைப் பாருங்கள். சாங்லியில் பிறந்த மராத்திக் கிறிஸ்தவர். 1943-44 போட்டியில் மீதிப் பேர் அணிக்காக முஸ்லிம்களுக்கு எதிராக 248 அடித்தார். இறுதி ஆட்டம் இந்துக்களோடு. அங்கே மெர்ச்சன்ட் ஆட்டமிழக்காமல் 250, இந்துக்கள் 5 விக்கெட்டுக்கு 581 டிக்ளேர். மீதிப் பேர் 133க்குச் சுருண்டு ஃபாலோ ஆன். இரண்டாவது இன்னிங்ஸில் ஹசாரே 309. மொத்த அணியும் எடுத்தது 387. பத்து ரன்னில் எட்டு ரன் ஒரே ஆளுடையது! தம்பி விவேக்கோடு சேர்ந்து 300 ரன் கூட்டணி, அதில் தம்பியின் பங்கு 21. மறுமுனையில் கட்டை போட்டு நிற்பதும் ஒரு கலைதான், நம் வீட்டுத் தம்பிகள் கவனிக்க :-)

இன்னிங்ஸ் தோல்விதான். மீதிப் பேர் கடைசிவரை ஒரு தடவைகூடக் கோப்பை வாங்கவில்லை. ஆனால் ஐந்தாவது அணி இல்லாமல் இருந்திருந்தால் அந்த 309ஐ அத்தனை பெரிய கூட்டத்துக்கு முன் அடிக்க ஹசாரேக்கு மேடை ஏது? பட்டினி கிடப்பவனிடம், விருந்து முறை சரியில்லை, நீ உட்காராதே என்று சொல்வது சாப்பிட்டு முடித்தவனுக்குச் சுலபம்.

1946 தொடக்கத்தில் பென்டாங்குலர் கடைசியாக நடந்தது. நாட்டில் மதப் பதற்றம் நிறைந்திருந்த காலம். அத்தோடு ஏறக்கட்டிவிட்டார்கள். அடுத்த பருவத்தில் நடந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். 1947 மார்ச், ரஞ்சி இறுதி ஆட்டம், பரோடாவும் ஹோல்கரும். பரோடா மூன்று விக்கெட்டுக்கு 91. உள்ளே நின்றவர்கள் ஹசாரேயும் குல் முகமதுவும். இருவரும் சேர்ந்து 577 ரன். குல் 319, ஹசாரே 288. 2006இல் சங்கக்காராவும் ஜெயவர்த்தனாவும் 624 எடுக்கும்வரை எந்த விக்கெட்டுக்கும் உலக சாதனை அதுதான். நாடு பிளவுபட ஆறு மாதம்கூட இல்லை. ஒரு வருடத்துக்கு முன் இருந்திருந்தால் ஒருவர் முஸ்லிம், ஒருவர் மீதிப் பேர். இப்போது இருவரும் பரோடா. ஆட்டக்காரர்கள் அதே ஆட்கள்தான். கட்டத்தை மாற்றிப் போட்டார்கள், அவ்வளவுதான். (குல் முகமது பிறகு பாகிஸ்தான் போனார், 1956இல் அவர்களுக்காக ஒரு டெஸ்ட் ஆடினார்.)

இன்னொன்று. இந்தியா முதல் டெஸ்ட் வெற்றி பெற்றது 1952 பிப்ரவரியில், நம் சேப்பாக்கத்தில், இங்கிலாந்துக்கு எதிராக. அன்றைக்குக் கேப்டன் யார்? விஜய் ஹசாரே. மீதிப் பேர்!

ஊர்க் கணக்கு என்றாலும் தகராறு ஓயவில்லை. மகாராஷ்டிரத்துக்குள் மும்பை, மகாராஷ்டிரா, விதர்பா என்று மூன்று அணி. குஜராத்துக்குள் குஜராத், பரோடா, சௌராஷ்டிரா. 2016இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாநிலத்துக்கு ஒரே ஓட்டு என்றது. 41 தடவை ரஞ்சி ஜெயித்த மும்பைக்கு வாரியத்தில் முழு உறுப்பினர் இடம் போகிற நிலைமை. 2018 ஆகஸ்டில் நீதிமன்றம் அதை மாற்றி, பழைய சங்கங்களுக்கு ஓட்டைத் திருப்பிக் கொடுத்தது. அதே 2018-19இல் ஒன்பது புதிய அணிகள் ரஞ்சிக்குள் வந்தன. பீகார், உத்தராகண்ட், வடகிழக்கு மாநிலங்கள், கூடவே நம் புதுச்சேரி. அதுவரை அவர்களும் ஒரு வகையில் மீதிப் பேர்தானே? மும்பைக்குப் பல வருடம் ஆடிய அபிஷேக் நாயர் அந்த வருடம் புதுச்சேரிக்கு ஆடப் போனார். தமிழன் மும்பைக்கு வேலை தேடி வருவான், மும்பைக்காரர் புதுச்சேரிக்கு வேலைக்குப் போகிறார். இதுவல்லவோ காலம்!

நம் வீட்டுக்கு வருவோம். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் இருந்த குடும்பங்கள் பாலம் தாண்டி வாஷிக்கு வந்து, 1992இல் ரயிலும் வந்து, இப்போது மூன்றாவது தலைமுறை வளர்கிறது. தாத்தாவுக்கு 1973 மறக்காது. சேப்பாக்கத்தில் இறுதி ஆட்டம், ஷிவால்கர் 13 விக்கெட், தமிழ்நாடு 80க்கும் 61க்கும் ஆல் அவுட், பம்பாய்க்கு வரிசையாக 15ஆவது கோப்பை. அப்பாவுக்கு 2008. நெருல் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், வாஷியிலிருந்து மூன்றாவது ஸ்டேஷன், சென்னை கடைசிப் பந்தில் ராஜஸ்தானிடம் ஐபிஎல்லைக் கோட்டை விட்டது. பேரனுக்கு? 2024 ரஞ்சி அரையிறுதியில் மும்பை தமிழ்நாட்டை இன்னிங்ஸால் தோற்கடித்தபோது அவன் எந்தப் பக்கம் கத்தினான்?

அவன் மும்பைப் பக்கம் என்றால் திட்டாதீர்கள். 2015-16இல் 1321 ரன் குவித்து மும்பைக்குக் கோப்பை வாங்கித் தந்த ஷ்ரேயஸின் பெயருக்குப் பின்னால் ஐயர் என்றுதான் இருக்கிறது. அவன் பிறந்து வளர்ந்த ஊர் இது. தமிழ்நாட்டுப் பக்கம் என்றாலும் கிண்டல் செய்யாதீர்கள்.

என் கருத்து இதுதான். கட்டம் போடுபவர்கள் எப்போதும் தங்கள் வசதிக்குத்தான் போடுவார்கள். வெளியே நிற்பவன் உள்ளே வரக் கேட்பதில் வெட்கம் இல்லை. மீதிப் பேர் கேட்டார்கள், அதனால் ஹசாரே கிடைத்தார். ஆனால் உள்ளே வந்த பிறகு கட்டத்தையே மாற்ற வேண்டும் என்று சொல்லும் வாயையும் வைத்திருக்க வேண்டும். பாலுவின் தம்பிகள் செய்தது அதுதான். உள்ளே இருந்துகொண்டே 'இது சரியில்லை' என்றார்கள்.

சொசைட்டி கமிட்டி, பள்ளி, தமிழ்ச் சங்கம், ஓட்டர் லிஸ்ட்... இந்த ஊரில் நமக்கும் தினம் யாராவது ஒரு கட்டம் போடத்தான் செய்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் எந்த டீம்? சொல்லுங்கள், கேட்க ஆவலாக இருக்கிறேன்.